கடவுச்சீட்டின் முதற் பக்கம்

கல்குடாக் கடற்கரையில் மாலை வேளையில் நின்று பார்ப்போருக்கு இருவகை மனிதர் கண்ணிற் படுவர். ஒரு வகையினர், அயலிலுள்ள பாசிக்குடாவின் ஆழமற்ற நீரில் நீராடி மகிழ்வதற்கென ஐரோப்பாவிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் வந்தவர்கள். மற்ற வகையினர், அதே கடலில் தோணி தள்ளி, வலை இழுத்து, வயிறு வளர்க்கும் ஊரவர்கள். நிறத்தாலும் மொழியாலும் இவர்களிடையே உள்ள வேற்றுமை யாவர்க்கும் தெரியும். வெளிப்படையாகத் தெரியாத வேற்றுமை ஒன்றும் உண்டு. வந்தவர் ஒவ்வொருவருடைய பையிலும் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் அவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வாயிலைக் கடந்தார். ஊரவரிற் பலரோ அத்தகைய புத்தகத்தைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கையில் எடுத்ததில்லை.

ஆனால், அவர்களுடைய பிள்ளைகளுக்கு இன்று அப்புத்தகம் வேண்டியிருக்கிறது. மகன் கத்தாருக்கு வேலைக்குப் போக விரும்புகிறான். மகள் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றிற் படிக்க விரும்புகிறாள். தாயார் கண்மூடுவதற்கு முன் சிதம்பரத்தை ஒருமுறை தரிசிக்க வேண்டும் என்கிறார். இம்மூவருக்கும் முதலில் வேண்டுவது கடவுச்சீட்டு. அதனைப் பெறுவது எப்படி என்று கேட்டால், "பணம் கட்டினால் தருவார்கள்" என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அது பாதி உண்மை. மற்றப் பாதியை எமக்கு உணர்த்தியவள் கல்குடாப் பகுதியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் அவள் மூன்று பத்திரங்களோடு எம்மிடம் வந்தாள். ஒன்று பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். மற்றொன்று தேசிய அடையாள அட்டை. மூன்றாவது பரீட்சைச் சான்றிதழ். அவளுடைய பெயரில் ஒரு ழகரம் உண்டு. அடையாள அட்டையில் அந்த ழகரத்தை 'எல்' என்னும் ஓர் ஆங்கில எழுத்தால் எழுதியிருந்தனர். பரீட்சைச் சான்றிதழிலோ 'இஸட்', 'எச்' என்னும் இரண்டு எழுத்துக்கள் இருந்தன. தந்தையாரின் பெயரும் இரு பத்திரங்களில் இரு விதமாக இருந்தது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று புலமைப்பரிசிலோடு அவளுக்கு இடம் அளித்திருந்தது. அவள் அங்கு சென்று சேர்வதற்கு ஆறு வாரங்களே இருந்தன.

"ஐயா, இந்த மூன்று பேரும் நான்தான் என்று யார் சொல்ல வேண்டும்?" என்று அவள் கேட்டாள்.

அக்கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. விடையைத் தேடியபோது நாம் அறிந்தவற்றையே இங்கு வாசகர்முன் வைக்கிறோம்.

முத்திரையும் சீட்டும்

நாடு கடப்பதற்கு அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது இக்காலத்துப் புதுமையன்று. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், முத்திரை வழங்குவதற்கென்றே ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. அவர் ஒரு மாஷகம் என்னும் சிறு நாணயத்தைப் பெற்றுக்கொண்டு முத்திரைச் சீட்டு வழங்குவார். அச்சீட்டு உடையவரே நாட்டினுள் வரவும் நாட்டைவிட்டுப் போகவும் உரியவராவர். எமது பழந்தமிழ்த் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தில், ஏற்றுமதி இறக்குமதிப் பண்டங்களின்மீது சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது.

எனினும், உலகின் எல்லா மக்களும் எல்லா எல்லைகளிலும் ஒரே வகைப் புத்தகத்தைக் காட்டவேண்டும் என்னும் ஏற்பாட்டுக்கு வயது ஒரு நூற்றாண்டு மட்டுமே. முதலாம் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பல நாடுகளிடையே கடவுச்சீட்டின்றியே மக்கள் போய் வந்தனர். போர் வந்ததும் ஒவ்வோர் அரசும் அந்நியரை ஐயுற்றது. போர் முடிந்தும் ஐயம் முடியவில்லை. 1920ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சர்வதேச சங்கத்தின் சார்பில் கூடிய மாநாடு, கடவுச்சீட்டு எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு ஒரு பொது வடிவத்தை வகுத்தது. இன்று அப்பொறுப்பைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்றிருக்கிறது. படமுள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகளில், வரிக்கு 44 இடங்களாக, இயந்திரம் படிப்பதற்கென்று பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துக்கள் அவ்வமைப்பின் விதிப்படி அமைந்தவை. அவ்விரு வரிகளிலும் ரோமன் எழுத்துக்களுக்கும் இலக்கங்களுக்குமே இடம் உண்டு, தமிழெழுத்துக்கு இடமில்லை. எமது மாணவியின் ழகரத்துக்கு நேர்ந்த இடர் இங்குதான் வேர்கொண்டிருக்கிறது.

தகரத் தகடும் கப்பல் ரயிலும்

தமிழருக்கும் எல்லைப் பத்திரங்களுக்கும் உள்ள உறவு பழையது. பல வேளைகளிற் கசப்பானது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்த காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர்களுக்குத் தகரச் சீட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. போகவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் அதில் அடிக்கப்பட்டிருந்தது. அச்சிறு தகடுதான் அவர்களுடைய பயணச் சீட்டும் அடையாளமும் ஆகும். அதில் மனிதனின் பெயர் இல்லை. அவனை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதே அதிலிருந்தது. தோட்டத்தை விட்டுப் போக விரும்பியவனுக்கு அவனுடைய கடனைக் குறிக்கும் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டியிருந்தது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

வசதி படைத்தோரின் பயணம் வேறு விதமானது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடத் தொடங்கியபின், சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே தொடர்ப் பயணமாகப் போய்வர முடிந்தது. 'போட் மெயில்' என்று அதனை மக்கள் வழங்கினர். மட்டக்களப்புக்கு ரயில் பாதை வந்தபின், கல்குடா நிலையத்தில் ரயிலேறிய ஒருவர் மாகோச் சந்தியில் வண்டி மாறித் தலைமன்னாரை அடைந்து, அக்கரைக்குக் கப்பலேறலாம். இரு கரைகளும் ஒரே சாம்ராச்சியத்தின் கீழிருந்த காலம் அது.

சுதந்திரத்தின்பின் பாக்குநீரிணை சர்வதேச எல்லையாயிற்று. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நிறைவேறியது. 1949 நவம்பர் 1ஆம் திகதி அதற்கெனத் தனித் திணைக்களம் தொடங்கிற்று. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போர் தொடங்கியபின் நின்றது. நெடுங்காலத்தின்பின், 2023 அக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் சேவை ஆரம்பிக்கப்பட்டது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் கடற்பயணம் அது. ஆயினும், அக்கப்பலில் ஏறுவதற்கு ஒருவர் தம் பத்திரங்களைத் தேடித் தொகுக்கும் பயணம் மாதக் கணக்கில் நீளலாம்.

மூன்று படிகள்

கடவுச்சீட்டுத் தனித்து நிற்கும் ஒரு பத்திரமன்று, படிகளின் உச்சியிலுள்ளது. கீழ்ப்படி பிறப்புப் பதிவு. இலங்கையில் பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றை அரசு பதிவுசெய்யும் முறை 1867ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் அப்பகுதிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் கடந்துவிட்டால் அது காலங்கடந்த பதிவாகிவிடும். அப்பொழுது சத்தியக் கடதாசியும் வேறு ஆதாரங்களும் வேண்டிவரும்.

இரண்டாம் படி தேசிய அடையாள அட்டை. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972ஆம் ஆண்டு முதல் இவ்வட்டை வழங்கப்படுகிறது. பாடசாலை மாணவருக்கு அதிபர் வழியாகவும், ஏனையோருக்குக் கிராம உத்தியோகத்தர் வழியாகவும் விண்ணப்பம் செல்லும். பழைய தலைமுறையினர் விதானையார் என்று மதித்தும் அஞ்சியும் போற்றியவரின் இடத்துக்கு, 1963ஆம் ஆண்டில் அம்முறை நீங்கியபின் வந்தவரே இவர்.

அட்டையின் இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தால் அது ஒரு சிறு சாதகக் குறிப்புப் போல இருக்கும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்நாளோடு 500 கூட்டப்படும். சனவரி 26ஆம் திகதி பிறந்த ஆணின் அட்டையில் 026 என்றும், அதே நாளிற் பிறந்த பெண்ணின் அட்டையில் 526 என்றும் இருக்கும். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் பன்னிரண்டு எண்கள் கொண்டது. அதில் ஆண்டு நான்கு எண்களாக முழுமையாக வரும். மாணவர்கள் தம் வீட்டாரின் அட்டைகளை எடுத்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம். பிறப்புப் பதிவில் நாள் தவறாக எழுதப்பட்டிருந்தால், அத்தவறு அட்டை இலக்கத்திலும் ஏறி ஆயுள் முழுவதும் உடன்வரும்.

மூன்றாம் படியே கடவுச்சீட்டு. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, அங்கீகாரம் பெற்ற நிழற்பட நிலையத்தில் எடுத்த படம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல் விரல் அடையாளமும் பெறப்படுகிறது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022ஆம் ஆண்டில் மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. பத்தரமுல்லையிலுள்ள தலைமை அலுவலகத்தின் முன் மக்கள் இரவிரவாக வரிசையில் நின்ற காட்சியைச் செய்தித்தாள்களில் யாவரும் கண்டோம். அவ்வரிசைக்கு முன்னரே ஒவ்வொருவரும் ஊரில் இரண்டு படி ஏறியிருக்க வேண்டும். கீழ்ப்படி இல்லாதவருக்கு அந்த வரிசையிலும் இடமில்லை.

பெட்டி போயிற்று, பதிவு நின்றது

கல்குடாவையும் அயற் கிராமங்களையும் அறிந்தோர், அங்குள்ள வீடுகளில் பழைய பத்திரங்கள் அரிதாக இருப்பதை வியப்பாகக் கொள்ளார். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்புப் பிரதேசத்தின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அடுத்து வந்த போர்க்காலத்தில் மக்கள் உடுத்த துணியோடு பலமுறை இடம்பெயர்ந்தனர். 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் தெற்கு நோக்கி ஓடி வந்தனர். இவற்றிற்கிடையே 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. றங்குப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் மடித்து வைத்த பத்திரங்கள் பெட்டியோடு போயின.

போர்க்காலத்தில் இவ்விழப்பு வெளிநாட்டுப் பயணத்துக்கு மட்டும் தடையாக நிற்கவில்லை. அடையாள அட்டை இல்லாத இளைஞன் அடுத்த ஊருக்குப் போவதற்கே அஞ்சினான். சோதனைச் சாவடி ஒவ்வொன்றும் அவனுக்கு ஒரு சர்வதேச எல்லையாகவே இருந்தது. அட்டையை மறந்துவிட்டு வேலைக்குப் போன மகன் வீடு திரும்பும்வரை வாசலிற் காத்திருந்த தாய்மாரை இப்பிரதேசம் மறக்காது.

எமது மாணவி 2004ஆம் ஆண்டில் பிறந்தவள். கடல் வந்தபோது கைக்குழந்தை. தாய் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேறொன்றையும் எடுக்க அவகாசமில்லை. அப்படியாயின் அவள் எம்மிடம் கொண்டுவந்த பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வந்தது?

இங்குதான் யாவரும் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. நம் வீட்டில் இருப்பது பிறப்புப் பதிவன்று. பதிவிலிருந்து எடுத்த பிரதி. மூலப் பதிவு அரசின் பதிவேட்டில் இருக்கிறது. பதிவாளர் எழுதும் பதிவுக்கு இரண்டாம் பிரதியும் உண்டு. அது பதிவாளர் நாயகத்தின் மத்திய ஆவணக் காப்பறைக்குச் சென்றுவிடும். ஓரிடத்திலுள்ள ஏடு தீயாலோ வெள்ளத்தாலோ அழிந்தாலும் மற்றோரிடத்திலுள்ளது காக்கும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து. கடல் கொண்டுபோனது காகிதத்தையே. அவள் பிறந்தாள் என்னும் உண்மை வேறிடத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆழிப்பேரலைக்குப்பின் பல திணைக்களங்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய நடமாடும் சேவைகளில், பத்திரமிழந்தோர் பலர் புதிய பிரதிகளைப் பெற்றனர். அவளுடைய தந்தையாரும் அவ்வாறே பெற்றார்.

வாழைச்சேனைக் கடதாசி ஆலை கல்குடாவுக்கு அயலில் 1950களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டது. வயல்களின் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்த ஆலை அது. நாட்டுக்கே கடதாசி வழங்கிய பிரதேசத்தின் மக்கள், தம் பெயரெழுதிய கடதாசி ஒன்றுக்காகப் பின்னாளில் அலைய நேர்ந்தது.

பதிவே செய்யாத பிள்ளைகளின் நிலை இதனினும் துன்பமானது. போர்க்காலத்தில் காட்டோரத்திலும் முகாமிலும் பிறந்தவர்கள் பலர். அத்தகையோருக்குக் காலங்கடந்த பதிவு ஒன்றே வழி. அதற்குப் பாடசாலைப் பதிவு, தடுப்பூசி அட்டை முதலியவை துணை ஆதாரங்களாகும். எமது வீடுகளில் பூசையறையில் வைத்துக் காக்கும் சாதகக் குறிப்பும் அவ்வகையில் உதவக் கூடும். நாளும் நட்சத்திரமும் குறிப்பதற்கு அன்றே சோதிடரிடம் ஓடும் நாம், பதிவாளரிடம் போவதற்கு 42 நாட்களையும் கழித்துவிடுவது முறையாகுமா?

தந்தை பிறந்த இடம்

ஒருவர் பிறந்ததை நிறுவினால் மட்டும் போதாது. எந்நாட்டுக் குடிமகன் என்பதையும் நிறுவவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தார் என்பதை மட்டும் போதிய தகுதியாகக் கொள்ளவில்லை. தந்தையும் இங்கு பிறந்தவராக இருத்தல் வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களாக இருத்தல் வேண்டும் என்றது. மலைநாட்டு லயன் அறையில் வாழ்ந்த தொழிலாளி, தன் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? தகரத் தகட்டோடு வந்திறங்கிய பாட்டனிடம் பெயரெழுதிய பத்திரமே இருந்ததில்லை.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிட்டது. அவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, மிகுதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என விட்டுவைத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் பெருமளவு தீர்த்தது. அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டமும் திருத்தப்பட்டது. அதுவரை தந்தை வழியே வந்த உரிமை அதன்பின் தாய் வழியாகவும் வரலாயிற்று.

நாடற்றோர் துயர் உலகம் எங்கும் உள்ளது. முதலாம் உலகப் போரின்பின் நாடிழந்த ருஷிய மக்களுக்காக, நோர்வே நாட்டறிஞர் நான்சன் 1922ஆம் ஆண்டில் ஒரு பயணப் பத்திரத்தை ஏற்படுத்தினார். எந்நாட்டுக் குடிமக்களும் அல்லாதோருக்கான அப்பத்திரத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன.

எமக்கு அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தோட்டத் தொழிலாளர் இலங்கைக்குக் கப்பலேறுமுன் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாம், 1983ஆம் ஆண்டின்பின் இலங்கையிலிருந்து ஓடிய அகதிகளைத் தங்கவைக்கும் முகாமாயிற்று. அங்கே பிறந்த பிள்ளைகள் பலர். 1987 ஜூலை 1ஆம் திகதிக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகனாவார் என்பது அந்நாட்டுச் சட்டம். அத்திகதிக்கு முன் அம்முகாமிற் பிறந்த பெண் ஒருவர் தமது பிறப்புப் பத்திரத்தை ஆதாரமாகக் காட்டி நீதிமன்றம் சென்றார். அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. ஒரு திகதி எழுதிய ஒரு தாள், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலானபின் ஒருவருக்கு நாடு கொடுத்தது.

அத்திகதிக்குப் பின் அங்கே பிறந்த இலங்கைப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு வழி வேறு. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையின் இலங்கைப் பிரஜாவுரிமையை ஓராண்டுக்குள் பதிவு செய்தல் வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு பதியலாம். பெற்றோரின் பத்திரங்கள் இல்லையேல் அப்பதிவும் எளிதாக அமையாது. தாய் நாட்டுக்குத் திரும்ப விரும்பும் அகதிக் குடும்பங்கள் முதலில் தேடுவது பிறப்புப் பத்திரங்களையே.

ஓர் எழுத்தின் விலை

மாணவியின் கதைக்கு மீள்வோம். அவளுக்குப் பதிவு இருந்தது. பிரஜாவுரிமையில் ஐயம் இல்லை. ஆயினும் ஓர் அலுவலகத்தில் சத்தியக் கடதாசி கேட்டனர். மற்றோர் அலுவலகத்தில் அடையாள அட்டையைத் திருத்தி வரும்படி கூறினர். தந்தையார் மீன் பிடிக்கப் போகாத நாள் ஒவ்வொன்றும் வீட்டுக்கு வருமானமில்லாத நாள். அவர் மகளோடு பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்தார். ஆறு வாரம் கழிந்தது. கடவுச்சீட்டு மூன்று வாரம் பிந்திக் கைக்கு வந்தது. அதற்குள் பல்கலைக்கழகம் அந்த இடத்தை வேறொருவருக்கு அளித்துவிட்டது.

இதற்கு அலுவலர்களை மட்டும் குறை கூறி அமைதல் நேர்மையன்று. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு எமக்குள் ஒரு நியமம் இல்லை. ஞகரத்தை ஒரு குடும்பத்திலேயே அண்ணன் ஒரு விதமாகவும் தம்பி வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். பாடசாலையிற் சேர்க்கும்போது ஆசிரியர் தம் மனம்போல எழுதுகிறார்; பெற்றோர் "சரி" என்கிறார்கள். ஆசிரியர் தொழில் செய்யும் நாமும் இப்பிழைக்கு உடந்தையே. எத்தனை பிள்ளைகளின் பெயரைப் பிறப்புப் பத்திரத்தைப் பாராமலே பட்டியலில் எழுதியிருக்கிறோம்!

குடும்பப் பெயரின் இடரும் உண்டு. தமிழருக்குத் தந்தை பெயரும் தம் பெயருமே வழக்கம். கடவுச்சீட்டோ குடும்பப் பெயர் ஒன்றைக் கேட்கிறது. ஆகவே தந்தையின் பெயர் அவ்விடத்தை நிரப்புகிறது. இதனால் இலண்டனிலோ தோகாவிலோ எமது பெண்பிள்ளையைத் தகப்பனார் பெயர் சொல்லி அழைப்பார்கள். அதைக் கேட்டுத் தகப்பனார் வந்துவிட்டாரோ என்று அவள் திரும்பிப் பார்ப்பதும் உண்டு. இது சிரிப்புக்கு உரியது. விமானச் சீட்டில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறு பெயருமாக நிற்பது சிரிப்புக்கு உரியதன்று.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளை பிறந்ததும், பெயர் சூட்டும் சடங்குக்கு நாள் பார்ப்பதோடு, ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவது என்பதையும் குடும்பத்தார் கூடி முடிவு செய்தல் நன்று. 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் சென்று, அவர் எழுதியதை ஒப்பமிடுமுன் வாசித்துப் பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரியாதோர் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். தாய், தந்தை பெயர்கள் அவர்களுடைய அடையாள அட்டையில் உள்ளவாறே இருத்தல் அவசியம்.

பத்திரம் கிடைத்ததும் அதன் பதிவு இலக்கத்தையும் திகதியையும் பதிவுப் பிரிவையும் வேறிடத்தில் எழுதி வைக்கவேண்டும். தாள் தொலைந்தாலும் அக்குறிப்பு இருந்தால் பிரதி பெறுவது எளிது. கடற்கரையில் வாழும் குடும்பங்கள் எல்லாப் பத்திரங்களையும் நீர் புகாத உறை ஒன்றிலிட்டு, எழுந்தோடும்போது கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் வேண்டும். மேட்டு நிலத்திலுள்ள உறவினர் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். பாடசாலையிற் சேர்க்கும் நாளிலும், பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாளிலும், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளிலும் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பிழை கண்டால் அன்றே திருத்த முயல வேண்டும். பிறப்புப் பதிவிலுள்ள பெயரைத் திருத்தவும் சட்டத்தில் வழி உண்டு. அவசரம் வந்தபின் அவ்வழி நீண்டதாகத் தோன்றும்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டப்படிப்பு முடியட்டும், வேலை வரட்டும் என்று காத்திராமல், பெரியோரின் பத்திரங்களை இவ்விடுமுறையிலேயே எடுத்து வரிசைப்படுத்துங்கள். பாட்டியின் பிறப்புப் பதிவு எங்குள்ளது என்று அவரிடமே கேட்டறியுங்கள். அவர் சொல்லும் விடையில் உங்கள் குடும்பத்தின் சரித்திரமும் கிடைக்கும்.

எமது மாணவி அடுத்த ஆண்டில் மீண்டும் விண்ணப்பித்து இடம் பெற்றாள். இம்முறை எல்லாப் பத்திரங்களும் ஒரே பெயரைச் சொல்லின. புறப்படுவதற்கு முன்னாள் அவளிடமிருந்து விடைபெற நாம் கல்குடாவுக்குச் சென்றிருந்தோம். அவள் பயணப் பெட்டியை இன்னும் கட்டவில்லை. முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து, பாடசாலைக்குப் போகும் தம்பியின் பிறப்புப் பத்திரத்தையும் பாடசாலைப் பதிவையும் பக்கத்திற் பக்கமாக வைத்து எழுத்தெண்ணிக் கொண்டிருந்தாள். ஓரிடத்தில் ஓர் எழுத்து மிகுந்திருந்தது. "ஐயா, நாளைக்கு அப்பா அதிபரிடம் போய் இதைத் திருத்திவிடுவார். நான் ஒரு வருஷம் பிந்தினேன். இவன் பிந்தக் கூடாது" என்றாள்.

கடவுச்சீட்டின் முதற் பக்கம் பத்தரமுல்லையில் அச்சிடப்படுவதன்று. பிள்ளை பிறந்த ஊரில், பதிவாளர் பேனாவைத் தொட்டு எழுதும் ஒரு வரியே அப்பக்கம். அவ்வரி பிழையின்றி அமைந்துவிட்டால், கல்குடாவின் பிள்ளை எந்த நாட்டின் வாயிலிலும் தலைநிமிர்ந்து தன் பெயரைச் சொல்லலாம்.